ஆக்ஸிஜன் மெஷின், ரீஹேப், ஸ்பேசர், மூணு பந்து: அம்மாவோட மூச்சுக்கு செலவு பண்ணதுல எது தேறுச்சு

முதல்லயே ஸ்டார் போட்டுடறேன், நேரமில்லாதவங்க இதோட கெளம்பிரலாம். வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷினுக்கு 3 ஸ்டார், அத குடுத்த கடைக்கு 1 ஸ்டார், நுரையீரல் ரீஹேப் (மூச்சு முட்டுறவங்களுக்கு பயிற்சி குடுக்குற) சென்டருக்கு நாலரை, ஸ்பேசருக்கு (இன்ஹேலர் பம்ப்புல மாட்டுற டப்பா) 5, கையில புடிக்கிற குட்டி ஃபேனுக்கும் 5, அந்த மூணு பந்து டப்பாவுக்கு ஒண்ணரை. ஏன்னு கீழ சொல்றேன், கொஞ்சம் நீளமாத்தான் போகும். தேடிப் பாத்தப்ப தமிழ்ல எல்லாரும் "மூச்சுப்பயிற்சி செய்யுங்கள், புகையை தவிருங்கள்"னு ரெண்டு வரில முடிச்சிருந்தாங்க, எதுக்கு காசு குடுக்கலாம் எதுக்கு வேணாம்னு ஒருத்தரும் சொல்லல.

அம்மாவுக்கு 66 வயசு, சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு முட்டுற நாள்பட்ட நுரையீரல் வியாதி. பீடி சிகரெட் வாடையே ஆகாது அவங்களுக்கு. மதுரைல எங்க தெருமுனைல இட்லிக்கடை வச்சிருந்தாங்க, விடிய முன்னாடி அடுப்பு பத்த வச்சா பத்து மணி வரைக்கும் புகைக்குள்ளதான் நிப்பாங்க. கலைஞர் ஆட்சில இலவச கேஸ் அடுப்பு வந்துச்சு, அது வீட்டுக்கு மட்டும், கடைக்கு சிலிண்டர் கட்டுபடியாகாதுன்னு விறகுதான் கடைசி வரைக்கும். குழாய்ல ஊத சொல்லி டெஸ்ட் எடுத்த டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு கேட்ட முதல் கேள்வியே "என்ன அடுப்புல சமைச்சீங்க?"தான். நம்ம ஊர்ல சிகரெட்டே தொடாத பொம்பளைங்களுக்கு இந்த வியாதி வர்றதுல விறகுப் புகைக்கு பெரிய பங்கு இருக்காம், ஆனா அக்கம்பக்கத்துல சொன்னா "சிகரெட் குடிக்கிறவங்களுக்கு வர்றதாச்சே"ன்னு அம்மாவ ஒரு மாதிரி பாக்குறாங்க, அது தனி எரிச்சல்.

போன ஐப்பசி மழைல சளி புடிச்சு, சளி மஞ்சளாகி, ராத்திரி படுக்க முடியாம ஒக்காந்தே இருந்து, கடைசில அட்மிஷன். நெபுலைசர், ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மாத்திரை அஞ்சு நாள், எல்லாம் முடிஞ்சு டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்தாச்சு இனி தேறிருவாங்கன்னு நாங்க இருந்தா, கட்டில்ல இருந்து பாத்ரூம் போயிட்டு வந்தாலே பேச முடியல. தலைக்கு குளிச்சா அன்னைக்கு பூரா படுக்கை. சாப்புடும்போது நாலு வாய்க்கு ஒரு தடவ நிறுத்தி மூச்சு விட்டுட்டுதான் அடுத்த வாய். சொந்தக்காரங்க வேற தெனம் போன் பண்ணி இன்னுமா சரியாகல, வேற டாக்டர பாருங்க, ஆடாதொடை குடுங்க, தூதுவளை குடுங்கன்னு ஒரே அட்வைஸ்.

டாக்டர் கிட்ட கேட்டா அவரு பதட்டமே படல. கிருமி ஒரு வாரத்துல அடங்கிரும், ஆனா மூச்சுக்குழாய்ல இருக்கிற வீக்கம் வடிஞ்சு மூச்சு ஓரளவு பழைய நிலைக்கு வர 6 வாரம் 8 வாரம் கூட ஆகும், சிலருக்கு முழுசா பழைய அளவுக்கு வராமலும் போகும்னு சொன்னாரு. அதோட ஆஸ்பத்திரில படுத்தது, ஸ்டீராய்டு சாப்புட்டது ரெண்டும் சேந்து தொடைச் சதைய கரைச்சிரும், கால்ல பலம் இல்லனா அதே ரெண்டடிக்கு நுரையீரல் இன்னும் அதிகமா வேலை பாக்கணும்னும் சொன்னாரு. டிஸ்சார்ஜ்ல இருந்து முதல் மூணு மாசம்தான் திரும்ப அட்மிஷன் ஆகுற அபாயம் ஜாஸ்தி, அதுல கவனமா இருங்கன்னாரு. இத டிஸ்சார்ஜ் அன்னைக்கே யாராவது சொல்லியிருந்தா நாங்க பாதி பயப்பட்டிருக்க மாட்டோம்.

சரி, மெஷினுக்கு வரேன். டிஸ்சார்ஜ்க்கு முன்னாடி மணிக்கட்டுல ஊசி போட்டு ஏபிஜின்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தாங்க (நல்லா வலிக்கும், முன்னாடியே சொல்லி வச்சிருங்க), அதுல ரத்தத்துல இருக்கிற ஆக்ஸிஜனோட அழுத்தம் 54ன்னு வந்துச்சு. 55ம் அதுக்கு கீழயும் இருந்தா வீட்டுல ஆக்ஸிஜன் வேணும், விரல்ல மாட்டி ஆக்ஸிஜன் சதவீதம் பாக்குற மீட்டர் கணக்குல சொன்னா 88ம் அதுக்கு கீழயும். போட்டா ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது போடணும், அப்பப்ப கொஞ்ச நேரம் போட்டுட்டு கழட்டுனா பிரயோஜனம் இல்ல. 1980ல அமெரிக்காவுலயும் 81ல பிரிட்டன்லயும் வந்த ரெண்டு ஆராய்ச்சில இருந்துதான் இந்த 15 மணி நேர கணக்கு, ரத்தத்துல ஆக்ஸிஜன் ரொம்ப கொறஞ்சவங்களுக்கு இப்படி போட்டா ஆயுசு கூடுதுன்னு அப்பதான் தெரிஞ்சுது. ஆனா 2016ல வந்த இன்னொரு பெரிய ஆராய்ச்சில, ஓரளவுதான் கொறஞ்சிருக்கு அப்டிங்கறவங்களுக்கு மெஷின் போட்டு ஒரு வித்தியாசமும் தெரியல. அதனால மூச்சு வாங்குதே, ஒரு மெஷின எடுத்துப் போட்டுருவோம்னு நேரா கடைக்கு போயிராதீங்க, டெஸ்ட்டும் டாக்டர் சீட்டும் முதல்ல.

நாங்க எடுத்தது நிமிஷத்துக்கு 5 லிட்டர் வரைக்கும் குடுக்குற மெஷின், மாசம் 5,000 வாடகை, அட்வான்ஸ் 10,000. புதுசா வாங்குனா 45,000 சொன்னாங்க, டாக்டர் "வாங்காதீங்க, ரெண்டு மூணு மாசத்துல திரும்ப டெஸ்ட் பண்ணி பாப்போம், தேவைப்படாமலே போகலாம்"னு சொன்னதால வாடகை. அந்த ஒரு வார்த்தைல எங்களுக்கு முப்பதாயிரம் மிச்சம். மெஷினுக்குள்ள ஆக்ஸிஜன் எதுவும் நிரப்பி வைக்கல, ரூம்ல இருக்கிற காத்துல 21 சதவீதம் ஆக்ஸிஜன் இருக்குல்ல, அத உள்ள இழுத்து நைட்ரஜன மட்டும் ஜியோலைட்டுன்னு ஒரு பொருள்ல புடிச்சு வச்சுட்டு மீதிய குடுக்குது, 90 சதவீதத்துக்கு மேல சுத்தமா வரும். அதனால ஃபில்டர் முக்கியம். பின்னாடி இருக்கிற பஞ்சு ஃபில்டர வாரம் ஒரு தடவ கழுவி நெழல்ல காய வச்சு மாட்டணும், எங்க ரோட்டு தூசில அது நாலு நாள்லயே சாம்பல் கலர் ஆயிரும். சுவத்துல ஒட்டி வைக்கக்கூடாது, பின்னாடி ஒரு அடி இடம் விடணும், சூடா காத்து விடும்.

நல்லதையும் சொல்லணும், மெஷின் ஒழுங்கா ஓடுச்சு. விரல் மீட்டர்ல 85, 86ன்னு இருந்தவங்க 90க்கு வந்தாங்க, ராத்திரி தூக்கம் வந்துச்சு, காலைல முழிக்கும்போது மொகம் தெளிவா இருந்துச்சு. ஆனா கடைக்காரங்க சொல்லாத விஷயம் நெறைய. சத்தம், ராத்திரி பூரா கடமுடன்னு ஒரு ஓட்டம், அப்பா மூணாம் நாளே ஹாலுக்கு பாய எடுத்துட்டு போயிட்டாரு. பதினஞ்சு கிலோ கிட்ட வெயிட்டு, சக்கரம் இருக்குன்னு பேரு, எங்க வீட்டு நிலைப்படி ஒவ்வொண்ணையும் தாண்ட ரெண்டு பேரு தூக்கணும், கடைசில நீளமான டியூப் வாங்கி மெஷின ஒரே இடத்துல வச்சுட்டோம். காதுக்கு பின்னாடி டியூப் ஒரசி ஒரசி அம்மாவுக்கு தோல் உரிஞ்சு ரெண்டு பக்கமும் செவசெவன்னு ஆயிருச்சு, பஞ்ச சுத்தி மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டுனதுக்கப்புறம்தான் அடங்குச்சு. மூக்கு காஞ்சு போனா தேங்கா எண்ணெய், வாஸ்லைன், விக்ஸ் எதையும் தடவக்கூடாது, எண்ணெயும் ஆக்ஸிஜனும் சேந்தா தீப்புடிக்கிற அபாயம் ஜாஸ்தி, தண்ணி கலந்த ஜெல்லுதான் தடவணும்.

தீ விஷயத்துல நம்ம வீடுகளுக்குன்னு தனி பிரச்சனை. சாமி அலமாரி அம்மா கட்டிலுக்கு தலைமாட்டுலயே இருந்துச்சு, வெளக்கு, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைனா சாம்பிராணி. மெஷின் வந்த அன்னைக்கே சாமிய ஹாலுக்கு மாத்துனோம், சாம்பிராணிய மொத்தமா நிறுத்துனோம், அது ஆக்ஸிஜன் இல்லனாலும் நிறுத்தவேண்டியதுதான், சிஓபிடி ஆளுக்கு அந்தப் புகை ஆகவே ஆகாது. அம்மாவுக்கு மனசு கேக்கல. "சாமிக்கு கோவம் வராதா?"ன்னாங்க, அப்பா "சாமிக்கும் இருமல் வந்துரும்டி, விடு"ன்னாரு. கேஸ் அடுப்பு பக்கமும் டியூபோட போகக்கூடாது, இத எங்கம்மா மாதிரி ஆளுக்கு புரிய வைக்கிறதுக்குள்ள நமக்கு மூச்சு வாங்கிரும்.

கரெண்ட்டு. மெஷின் 350 வாட், 15 மணி நேரம் ஓடுனா ஒரு நாளைக்கு 5 யூனிட்டுக்கு மேல, ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட்டுக்கு மேல இது மட்டுமே. கவர்மெண்ட் குடுக்குற இலவச 100 யூனிட் எந்த மூலைக்கு, மேல் ஸ்லாபுக்கு தாவிருச்சு. வாடகை 5,000ன்னு மட்டும் பட்ஜெட் போடாதீங்க. கரெண்ட் போனா மெஷின் கீச்சுன்னு கத்தும், அந்த சத்தத்துக்கே அம்மாவுக்கு படபடப்பு வந்துரும். எங்க இன்வெர்ட்டர் ரெண்டு மணி நேரம் தாங்குச்சு, அது போக ஒரு சின்ன சிலிண்டரும் ரெகுலேட்டரும் ஸ்டாண்ட்பையா வச்சுக்கிட்டோம், மதுரை மாதாந்திர பராமரிப்பு பவர்கட் பத்தி சொல்லவே வேணாம், காலைல 9ல இருந்து சாயங்காலம் வரைக்கும் போயிரும்.

இப்ப கடைக்கு ஏன் ஒரு ஸ்டார்னா. மெஷின கொண்டாந்த தம்பி மாட்டி விட்டுட்டு ஃப்ளோவ 4ல வச்சாரு. சீட்டுல டாக்டர் எழுதினது நிமிஷத்துக்கு ஒண்ணரை லிட்டர். நான் சீட்ட காட்டுனா, "அக்கா, மூச்சு வாங்குனா கொஞ்சம் ஏத்திக்கங்க, அஞ்சு வரைக்கும் போகும், ஒண்ணும் ஆகாது"ன்னாரு. ஆகும். சிஓபிடி ஆளுங்க சிலருக்கு ஆக்ஸிஜன் அதிகமா போனா உள்ள கரியமில வாயு தேங்கிரும், தலைவலி வரும், அசந்து அசந்து தூங்குவாங்க, பேச்சு கொழறும், அப்படியே மயக்கத்துக்கு போயிரலாம். அதனாலதான் டாக்டருங்க 88ல இருந்து 92க்குள்ள வைங்கம்பாங்க, 98 ஆக்கணும்னு ஆசப்படக்கூடாது. ஆஸ்திரேலியாவுல டாஸ்மேனியாவுல ஆம்புலன்ஸ்ல வச்சே ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2010ல வந்துச்சு, அளவு பாத்து ஆக்ஸிஜன் குடுத்தவங்களவிட நெறைய குடுத்தவங்கள்ல இறந்தவங்க அதிகம். இத ஒரு மெஷின் வாடகைக்கு விடுற கடை தெரிஞ்சு வச்சிருக்கவேணாமா, ஆள அனுப்பும்போது சீட்டுல இருக்கிற நம்பர்லதான் வைக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவேணாமா. ஃப்ளோ மீட்டர்ல உருண்டை மேல போய் நிக்கும்ல, அந்த உருண்டையோட நடு எந்த கோட்டுல இருக்குன்னு பாக்கணும், கண்ணுக்கு நேரா வச்சு பாக்கணும், நின்னுக்கிட்டு மேல இருந்து பாத்தா தப்பா தெரியும். அத கூட நாங்களா வீடியோ பாத்துதான் கத்துக்கிட்டோம். திருப்பி குடுக்கும்போது அட்வான்ஸ்ல "சர்வீஸ் சார்ஜ்"னு 1,500 கழிச்சாங்க, பில்லு கேட்டா கம்ப்யூட்டர் ரிப்பேராம்.

இப்ப முக்கியமான விஷயம். மெஷின் ஓடுது, மீட்டர்ல 90, 91 காட்டுது, ஆனா அம்மாவுக்கு மூச்சு வாங்குறது மட்டும் நிக்கல! எங்களுக்கு கொழப்பம். அதுக்கு பதில் ரீஹேப் சென்டர்ல முதல் நாளே கெடச்சுது.

பல்மனரி ரீஹேபிலிடேஷன்னு பேரு, நெஞ்சு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. டிஸ்சார்ஜ் ஆகி நாலு வாரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லதுன்னு சொன்னாரு. வாரம் மூணு நாள், எட்டு வாரம், ஒரு தடவைக்கு 400 ரூபா. அம்மா போகமாட்டேன்னு அடம். நடக்கவே முடியல, இதுல எக்சர்சைஸ் வேறயான்னு. வீட்டுல எல்லாரும் அவங்க பக்கம்தான், ரெஸ்ட் எடுக்கவேண்டிய ஆள போட்டு படுத்துறேன்னு எனக்குத்தான் திட்டு.

போனா அங்க ஒரு நீள வராண்டா, 30 மீட்டர், ரெண்டு முனைலயும் ஆரஞ்சு கூம்பு, நடுவுல ரெண்டு எடத்துல பிளாஸ்டிக் சேர். ஆறு நிமிஷத்துல எவ்வளவு தூரம் நடக்குறாங்கன்னு டெஸ்ட். சக்கரம் வச்ச சின்ன சிலிண்டர பிசியோ பொண்ணு தள்ளிக்கிட்டே பின்னாடி வந்துச்சு. அம்மா போய், நின்னு, சேர்ல ஒக்காந்து, திரும்ப போய், மொத்தம் 180 மீட்டர். நெஞ்சு ஏறி எறங்குது, தோள்பட்ட காதுகிட்ட நிக்குது, "முடியல தாயி, ஆக்ஸிஜன கூட்டு"ன்னாங்க. அந்தப் பொண்ணு கூட்டல. விரல்ல மாட்டுன மீட்டர அம்மா கண்ணுக்கு நேரா காட்டி, "அம்மா, 91 இருக்கு பாருங்க. ஆக்ஸிஜன் பத்தாம உங்களுக்கு மூச்சு வாங்கல. உள்ள போன காத்து வெளிய வரல. டவுன் பஸ்ல எறங்கவேண்டியவங்க எறங்கலனா ஏறவேண்டியவங்க எப்டிமா ஏறுவாங்க, மொதல்ல எறக்கி விடுங்க"ன்னுச்சு. அம்மா அந்த நெலமைலயும் சிரிச்சாங்க.

இதுதான் இந்த வியாதியோட சூட்சுமம். காத்து உள்ள போறதுல இல்ல பிரச்சனை, வெளிய வர்றப்ப மூச்சுக்குழாய் சுருங்கி, சளியும் சேந்து, காத்து உள்ளயே மாட்டிக்குது. வேகமா நடந்தா வேகமா மூச்சு இழுப்போம், பழைய காத்து வெளிய போகறதுக்குள்ள புதுக்காத்து உள்ள, நெஞ்சு ஊதிக்கிட்டே போகும், கடைசில இழுக்கவே இடமில்லாம திணறும். பயத்துல இன்னும் வேகமா இழுப்பாங்க. அதுக்கு மருந்து, மூக்கால ரெண்டு எண்ற வரைக்கும் இழுத்து, உதட்ட குவிச்சு நாலு எண்ற வரைக்கும் மெதுவா விடறது. கேக்க சாதாரணமா இருக்கும், திணறும்போது செய்யறதுதான் கஷ்டம், அதனால நல்லா இருக்கும்போதே பழக்கப்படுத்துறாங்க. சேர்ல ஒக்காந்து முன்னாடி சாஞ்சு முழங்கைய தொடைல ஊனிக்கணும், நிக்கும்போதுன்னா கிச்சன் மேடைலயோ மாடிப்படி கைப்பிடிலயோ ஊனிக்கணும்.

மீதி எல்லாம் கால் கைக்கு வேலை. சேர்ல இருந்து கைய ஊனாம எந்திரிச்சு ஒக்காருறது, அரை கிலோ மணல் பைய கணுக்கால்ல கட்டி தூக்குறது, சைக்கிள், வராண்டா நடை. செவத்துல 0ல இருந்து 10 வரைக்கும் ஒரு அட்டை மாட்டியிருந்துச்சு, மூச்சு எவ்வளவு வாங்குதுன்னு அம்மாவே நம்பர் சொல்லணும், 4 கிட்ட வரணும், 7ஆச்சுன்னா நிறுத்தி உதட்ட குவிச்சு ஊதணும். அம்மாவுக்கு புடிச்சது என்னன்னா மூச்சு வாங்குறது தப்பில்ல, வாங்கட்டும், திரும்ப எறங்கும்னு அவங்களே பாத்தது. அதுவரைக்கும் மூச்சு வாங்குனாலே சாகப்போறோம்னு ஒரு பயம். நாங்களும் அதுக்கு ஏத்த மாதிரி ஒக்காருங்க ஒக்காருங்கன்னு கத்திக்கிட்டு இருந்தோம்.

வீட்டு வேலைக்கும் தனியா ஒரு நாள் பாடம். குளிக்கும்போது ஸ்டூல்ல ஒக்காந்துக்கணும், வெந்நீர் ஆவி ரொம்ப கட்டாம கதவுக்கு மேல இருக்கிற ஜன்னல தொறந்து வைக்கணும், கைய தூக்கி தலைய அழுத்தி துவட்டாம துண்ட சுத்திக்கிட்டு ஒக்காந்துரணும் (கைய தோளுக்கு மேல தூக்குனாலே இவங்களுக்கு மூச்சு வாங்கும், எங்களுக்கு அது வரைக்கும் தெரியாது, தலை சீவும்போது ஏன் களைச்சுப் போறாங்கன்னு அப்பதான் புரிஞ்சுது). எத தூக்குனாலும், குனிஞ்சாலும், படி ஏறுனாலும் அந்த கஷ்டமான நொடில மூச்ச வெளிய விடணும், அடக்கக்கூடாது. தண்ணி கொடத்த தூக்கும்போது நம்ம எல்லாருமே மூச்ச அடக்குவோம், அத மாத்த அம்மாவுக்கு ரொம்ப நாளாச்சு.

எட்டு வாரம் முடிஞ்சு அதே வராண்டால 265 மீட்டர். 30 மீட்டர் கூடுனாலே ஆளுக்கு வித்தியாசம் தெரியும்பாங்க. ஊதுற டெஸ்ட் ரிசல்ட் பெருசா மாறல, அது மாறாதுன்னு முதல்லயே சொல்லிட்டாங்க, நுரையீரல்ல போனது போனதுதான். ஆனா பாத்ரூம் போயிட்டு வந்து பேசுறாங்க, சாப்பாட்ட நிறுத்தாம சாப்புடுறாங்க, எதிர்வீட்டு அக்காவோட வாசல்ல நின்னு சண்ட போடற அளவுக்கு மூச்சு இருக்கு. ரெண்டரை மாசம் கழிச்சு ஏபிஜி திரும்ப எடுத்தா 63, மெஷின் வேணாம்னு சொல்லிட்டாரு. அது ரீஹேப்னாலன்னு நான் சொல்லல, வீக்கம் வடிஞ்சா தானா ஏறும், அதுக்குத்தான் ரெண்டு மூணு மாசத்துல திரும்ப பாக்கணும்கறது. நெறைய பேரு அப்படி பாக்காமலே வருஷக்கணக்கா வாடகை கட்டிக்கிட்டு இருக்காங்க.

சென்டருக்கு அரை ஸ்டார் ஏன் கொறச்சேன்? முதல் மாடில இருக்கு, லிஃப்ட் இல்ல. மூச்சு முட்டுறவங்க வர்ற எடத்த மாடில வச்ச புண்ணியவான் யாருன்னு தெரியல. வாட்ச்மேன் கிட்ட ஒரு சக்கர நாற்காலி இருக்கு, அது கீழதான் ஓடும். பிசியோ பொண்ணு அதையும் விடல, மூணாம் வாரத்துல இருந்து அந்த படியவே பயிற்சில சேத்துருச்சு. இன்சூரன்ஸ்ல அட்மிஷன் செலவு வந்துச்சு, மெஷின் வாடகையும் ரீஹேப்பும் கை காசுதான். போற நாளெல்லாம் கூட ஒரு ஆளும் போகணும், நான் வீட்டுல இருந்து வேலை பாக்குறதால சமாளிச்சேன். காசுக்கு கஷ்டப்படறவங்க உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பத்தி கேளுங்க, 2021ல ஆரம்பிச்ச திட்டம், அதுல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி குடுக்குறதும் உண்டு.

சின்ன சாமான்கள வேகமா முடிச்சுடறேன்.

ஸ்பேசர். மருந்துக்கடைல 400 ரூபாக்குள்ள முடிஞ்சுது. இன்ஹேலர் பம்ப்ப நேரா வாயில வச்சு அடிச்சா மருந்துல பாதிக்கு மேல தொண்டைலயே ஒட்டிக்கும், அம்மா அமுக்குறதுக்கும் இழுக்குறதுக்கும் எப்பவும் நேரம் ஒத்துப்போகாது, ஸ்பேசர்ல மாட்டி ஒரு தடவ அமுக்கிட்டு நிதானமா அஞ்சு தடவ மூச்சு இழுத்து விட்டா போதும். கழுவுனா சோப்புத் தண்ணில முக்கி எடுத்து அப்படியே காய விடணும், துணியால துடைச்சா உள்ள மருந்து ஒட்டிக்கும். ஸ்டீராய்டு கலந்த பம்ப்னா அடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லனா வாய்ல வெள்ளை வெள்ளையா படியும். எதுத்த வீட்டுல நெபுலைசர் வாங்குங்க வாங்குங்கன்னாங்க, டாக்டர் ஸ்பேசர்ல ஒழுங்கா எடுத்தா அதுக்கு சமம்தான்னு சொல்லிட்டாரு.

குட்டி ஃபேன், சார்ஜ் போடறது, 250 ரூபா. திணறும்போது மூக்குக்கும் கன்னத்துக்கும் நேரா ஆறு அங்குலத்துல புடிச்சா சீக்கிரம் அடங்குது. மனப்பிரமைன்னு தம்பி கிண்டல் பண்ணான், ஆனா இங்கிலாந்துல இதுக்கு ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, மொகத்துல காத்து படும்போது அங்க இருக்கிற நரம்பு வழியா மூளைக்கு போய் மூச்சு முட்டுற உணர்வ கொறைக்குது. அம்மா கோயிலுக்கு போனா பர்ஸ் மறந்தாலும் இத மறக்கமாட்டாங்க.

விரல் மீட்டர் வேணும், ஆனா அடிக்கடி பாக்கக்கூடாது. அம்மா டிவி ரிமோட்ட விட அததான் கையில வச்சிருந்தாங்க, 89 ஆனா அழுகை. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு டாக்டர் நிறுத்தி வச்சாரு. கை சில்லுன்னு இருந்தா தேய்ச்சு சூடாக்கிட்டு ஒரு நிமிஷம் ஆடாம வச்சு பாருங்க, நகப்பாலிஷ் ஆகாது. இன்னொண்ணு, நம்மள மாதிரி கருத்த தோலுக்கு இது நெசத்த விட கொஞ்சம் கூட்டிக் காட்ட வாய்ப்பு இருக்கு, 2020ல அமெரிக்காவுல கண்டுபுடிச்சு பெரிய பேச்சாச்சு, அதனால ஆளப் பாருங்க, மீட்டர மட்டும் பாக்காதீங்க. உதடு நீலம் பாய்ஞ்சா, ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலனா, பகல்ல எழுப்ப எழுப்ப தூங்குனா, ஏதேதோ பேசுனா மீட்டர்ல என்ன நம்பர் இருந்தாலும் 108தான். சளி நெறம் மாறி அளவும் கூடுனா மறுநாள் வரைக்கும் காத்திருக்காம டாக்டருக்கு போன்.

மூணு பந்து. கொரோனா சமயத்துல எல்லார் வீட்டுக்கும் வந்து சேந்துச்சே, 600, 900, 1200ன்னு போட்டிருக்கும். முதல் விஷயம், அது ஊதுறது இல்ல, உறிஞ்சுறது, எங்க தெருல பாதி பேர் ஊதிக்கிட்டு இருந்தாங்க. ஆபரேஷன் பண்ணவங்களுக்கு குடுப்பாங்க. எங்கம்மா பிரச்சனை காத்த வெளிய விடுறதுல, இது மேல மேல உள்ள இழுக்க சொல்லுது, பிசியோ பொண்ணு பாத்துட்டு "பேரனுக்கு வெளையாட குடுங்கம்மா"ன்னுச்சு. ஒண்ணரை ஸ்டார் பேரன் போட்டது.

இப்ப வீட்டுல இண்டக்‌ஷன் அடுப்பு, ஃப்ளூ ஊசி வருஷா வருஷம், நிமோனியா ஊசி போட்டாச்சு, தெனம் காலைல சேர்ல எந்திரிச்சு ஒக்காருற பயிற்சியும் தெருவுல நடையும். மழை வந்தா மட்டும் வீட்டுக்குள்ளயே நடை. சித்தியும் அதே கடைல அம்மா கூட அடுப்புல நின்னவங்கதான், தேனில இருக்காங்க, ரெண்டு வருஷமா இருமல், வயசாயிருச்சுன்னு சொல்லிக்கிட்டு திரியறாங்க. அடுத்த வாரம் மதுரைக்கு வரச்சொல்லி ஊதுற டெஸ்ட்டுக்கு டோக்கன் போட்டிருக்கு, அம்மாதான் போன் பண்ணி ஒத்துக்க வச்சாங்க.